சிஸ்டரிடம் கேளுங்கள்: நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

போன இதழில் நெஞ்சுவலி மாத்திரைகளைப் பற்றி நாலே வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதமா என்று மலைத்துப்போனேன். அதனால் சுகர், மூட்டுவலிக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் 33 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், அதில் கடைசி 14 வருஷம் இதய வார்டு. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது டாக்டர். அதை எப்படிப் போடுவது, எங்கே வைப்பது, எப்போது கடிகாரத்தைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் வேலை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 61 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று காட்டியதில் ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற நெஞ்சுவலி) என்றார்கள். வலி வந்தால் போட சார்பிட்ரேட் 5 கொடுத்தார்கள். போன வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வலி வந்திருக்கிறது. நின்றபடியே தண்ணீர் ஊற்றி மாத்திரையை விழுங்கியிருக்கிறார். இருபது நிமிஷம் கழித்துத்தான் அடங்கியது. "இது போலி மாத்திரை" என்று மெடிக்கல் ஷாப்காரரோடு சண்டைக்கு நிற்கிறார். (மன்னார்குடி வாசகி)

பதில்: கடைக்காரரை விட்டுவிடச் சொல்லுங்கள் அம்மா, பாவம். மாத்திரை சரியானதுதான், போன வழிதான் தப்பு. விழுங்கினால் அது வயிற்றுக்குப் போய், குடலில் இறங்கி, அப்புறம் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியை அங்கேயே அழித்துவிடும். மிச்சம் மீதிதான் இதயத்துக்கு, அதுவும் தாமதமாக. நாக்குக்கு அடியில் தோல் மெல்லிசு, நீல நீலமாக ரத்தக்குழாய் தெரியும், கண்ணாடியில் பாருங்கள். அங்கே வைத்தால் நேராக ரத்தத்தில் கலந்து சில நிமிஷத்தில் வேலை ஆரம்பிக்கும்.

வார்டில் வீட்டுக்கு அனுப்புகிற அன்று நான் ஒரு வேலை செய்வேன். மாத்திரைக்குப் பதில் சின்ன புதினா மிட்டாய் ஒன்றைக் கையில் கொடுத்து, "இப்போ வலி வந்திருச்சுன்னு வச்சுக்குங்க, என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்பேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும். இட்லிக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருத்தர் மிட்டாயை நாக்கின் மேலே வைத்துக் கடக்கென்று கடித்தார். இன்னொருத்தர் வைத்த கையோடு தண்ணீர் கேட்டார். முதல் தடவையே சரியாகச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு. அதில் படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது.

உங்கள் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இதுதான். வலி வந்ததும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார வேண்டும். துணி ஈரமாகவே கிடக்கட்டும். நிற்கக் கூடாது, ஏனென்றால் இந்த மாத்திரை ரத்தக்குழாய்களை விரிக்கும், பிபி இறங்கும், மொட்டை மாடியில் நிற்கிறவர் தலைசுற்றி விழுந்தால் அது வேறு கேஸாகிவிடும். வாய் உலர்ந்திருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் மாத்திரையை நாக்கடியில் வைக்கலாம். கரைகிறவரை மெல்லவோ விழுங்கவோ பேசவோ வேண்டாம். வைத்த நேரத்தை நீங்கள் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் வலி குறையவில்லை, இல்லை கூடுகிறது என்றால் 108-க்கு அடித்துவிடுங்கள். வண்டி வருகிறவரை ஐந்து நிமிஷ இடைவெளியில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, ஆக மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அடுத்ததை வைக்காதீர்கள். உங்கள் டாக்டர் சீட்டில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு.

வலி அடங்கியதும் சடாரென்று எழுந்திருக்கக் கூடாது. இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், நெஞ்சுவலி என்று வராந்தாவில் நின்றவருக்கு பிபி பார்க்காமல், உட்காரவும் சொல்லாமல் அவசரத்தில் மாத்திரையை வைக்கச் சொன்னேன். பத்தடி நடந்தவர் சரிந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் கம்பியில் நெற்றி பட்டு மூன்று தையல். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல பாப்பா" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரு சின்ன நோட்டில் தேதி, என்ன செய்யும்போது வலி வந்தது, எத்தனை மாத்திரை என்று எழுதி வையுங்கள். மாதம் இரண்டு தடவை வந்த வலி வாரம் மூன்று தடவை வந்தால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூக்கத்திலும் வந்தால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

கேள்வி: எனக்கு ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எழுதியிருக்கிறார்கள். போட்டால் மண்டை பிளக்கிறது. பாதியாக உடைத்துப் போடலாமா? தவிர, காலை 8, ராத்திரி 8 என்று வைத்துக்கொண்டால் ஷிஃப்டுக்கு வசதி. (திருப்பூர் வாசகர், பனியன் கம்பெனி)

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. தலைவலி, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இதயத்துக்குப் போகிற குழாயை விரிக்கிற மருந்து தலைக்குப் போகிற குழாயை மட்டும் விட்டுவைக்காது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகக் குறையும். அதுவரை பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக உடைக்கக் கூடாது, அதிலும் மெதுவாகக் கரைகிற வகையாக இருந்தால் உடைத்ததும் அத்தனை மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

இனி அந்த 3 மணி. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. நைட்ரோகிளிசரின் என்று ஒரு மருந்து உண்டு, உங்கள் மாத்திரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். டைனமைட்டில் வெடிக்கிறதே, அதுவும் சாட்சாத் அதேதான். டைனமைட் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமை வந்தால் தலைவலி தாங்காது. நாலைந்து நாளில் உடம்பு பழகி வலி போய்விடும். ஞாயிறு லீவு. திங்களன்று மறுபடி முதலிலிருந்து தலைவலி. அதாவது இந்த ரசாயனம் உடம்பில் ஓயாமல் இருந்தால் உடம்பு அதைச் சட்டை செய்யாது. கொஞ்ச நேரம் இல்லாமல் இருந்துவிட்டு வந்தால்தான் மறுபடி மதிக்கும். தலைவலி போனது போலவே மருந்தின் பலனும் போய்விடும் என்பதுதான் இதில் சிக்கல். அதனால்தான் 8-க்கும் 3-க்கும் போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உடம்புக்கு ஒரு லீவு கொடுக்கிறார்கள். மார்பில் ஒட்டுகிற பட்டி போட்டவர்களுக்கும் ராத்திரி கழற்றச் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் 8-க்கும் 8-க்கும் போட்டால் அந்த லீவு போச்சு. நைட் ஷிஃப்ட் வாரத்தில் வலி எந்த நேரம் வருகிறது என்று குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், டாக்டர் நேரத்தை மாற்றித் தருவார்.

இன்னொன்று. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃப்ரெட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின்தான். விதியின் கேலியைப் பாருங்கள் என்று 1896-இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சிக்கு 1998-இல் அவர் பெயரிலேயே பரிசு கொடுத்தார்கள். நர்சிங் மாணவிகளுக்கு இதைச் சொன்னால் அன்றைக்கு மட்டும் ஒருத்தியும் தூங்க மாட்டாள்.

கேள்வி: பெயர், ஊர் போட வேண்டாம். எனக்கு 52 வயது, சார்பிட்ரேட் வைத்திருக்கிறேன். தாம்பத்தியத்துக்காக ஒரு மாத்திரை எப்போதாவது எடுக்கிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. தப்பா?

பதில்: ஆசைப்பட்டது தப்பில்லை, டாக்டரிடம் சொல்லாமல் எடுத்ததுதான் தப்பு. அந்த மாத்திரை சில்டெனாஃபிலாக இருந்தால் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபிலாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள்ளும் சார்பிட்ரேட் வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிபி பாதாளத்துக்குப் போகும், உயிருக்கே ஆபத்து. உங்களைப் போல நைட்ரேட் மாத்திரை (சார்பிட்ரேட் அந்த வகைதான்) கையில் வைத்திருப்பவர் அந்த மாத்திரையைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதை எடுத்த அன்று நெஞ்சுவலி வந்தால் நாக்கடி மாத்திரை வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் எதை எப்போது எடுத்தீர்கள் என்று கூசாமல் சொல்லுங்கள். வார்டில் இதைக் கேட்க வேண்டி வரும்போது, கூட இருக்கிற அம்மாவைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். பதில் பட்டென்று வரும்.

கேள்வி: அப்பாவுக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை. திருச்செந்தூர் போன இடத்தில் தீர்ந்துவிட்டது. நாலு நாள் போடவில்லை, நன்றாகத்தான் இருந்தார். இனிமேல் நிறுத்திவிடலாமா என்கிறார். அவருக்குச் சுகரும் உண்டு. (நாகர்கோவில் வாசகி)

பதில்: முருகன் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை மாத்திரை இதயத்தின் வேகத்தைக் கடிவாளம் பிடித்து வைத்திருக்கிறது. திடீரென்று விட்டால் பிபியும் துடிப்பும் எகிறி, வலி முன்னைவிட மோசமாக வரலாம், மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாலு நாள் விட்டதையும் உடனே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துப் போங்கள். ஒருவேளை மறந்தால் மறுவேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

அப்பாவுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், ஒரு முழு நிமிஷம். ஓய்வாக இருக்கும்போது 50-க்குக் கீழே போனாலோ கிறுகிறுப்பு வந்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் டாக்டரிடம் பேசுங்கள். இழுப்பு, வீசிங் வந்தாலும் சொல்ல வேண்டும்.

சுகர் இருப்பதால் இதைக் கவனியுங்கள்: சுகர் இறங்கினால் வருமே படபடப்பு, கை நடுக்கம், அதை இந்த மாத்திரை மூடி மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் அப்பாவுக்குச் சட்டை நனைந்தால் உடனே சுகர் பாருங்கள்.

கேள்வி: அம்லோடிபின் (பிபி மாத்திரை) ஆரம்பித்ததிலிருந்து கணுக்காலில் வீக்கம். கிட்னி போய்விட்டதா? (விழுப்புரம் வாசகி)

பதில்: அந்த மாத்திரையே பல பேருக்குக் காலை வீங்க வைக்கும். ஆனாலும் காட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ எடை மளமளவென்று ஏறினாலோ அன்றைக்கே. போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து உட்பட. "வெள்ளையா, உருண்டையா" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் தெரியாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்காவுக்கு நெஞ்சு எரிகிறது, தாடையெல்லாம் வலிக்கிறது என்றார். கேஸ் என்று சோடா குடித்தார். என் சார்பிட்ரேட்டை ஒன்று கொடுத்திருக்கலாமோ? (மதுரை வாசகி)

பதில்: கொடுக்காதது நல்லது. அவருக்கு பிபி ஏற்கெனவே இறங்கியிருந்தால், வால்வு சுருக்கம் இருந்தால், உங்கள் மாத்திரை ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் சோடாவும் தப்பு. பெண்களுக்கும் சுகர்காரர்களுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமா வலி பல சமயம் வராது. தாடை வலி, முதுகு வலி, வியர்வை, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வரும். ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருந்து எங்களிடம் வந்த அம்மாக்களை விரல்விட்டு எண்ண முடியாது. அந்த அக்காவை உட்கார வைத்து 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போது வலி இல்லை என்றாலும் இன்றைக்கே கூட்டிப் போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மாத்திரையை எங்கே வைப்பது? (காரைக்குடி வாசகர்)

பதில்: பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், ஒரு வீட்டில் சாவி மருமகள் இடுப்பில், மருமகள் சந்தையில். படுக்கைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை, வெளியே போகிற பையில் ஓர் அட்டை, வீட்டில் எல்லாருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும், குழந்தை கைக்கு எட்டக் கூடாது. நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிக் குப்பியில் வந்தால் அதே குப்பியில் மூடியே இருக்கட்டும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றக் கூடாது, பஞ்சு அடைக்கக் கூடாது, உடம்புச் சூடு படுகிற சட்டைப் பை வேண்டாம். வெயில், ஈரம், காற்று மூன்றும் அதற்கு ஆகாது. மாதத்தின் முதல் தேதி எல்லா அட்டையிலும் காலாவதி தேதியைப் பாருங்கள். கைவிரல் நடுங்குகிறவராக இருந்தால் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து இப்போதே பழகிப் பாருங்கள், அந்த நேரத்தில் அலுமினியத் தாள் கிழியவே கிழியாது.