ஷாமிசெனும் ராக்கும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஷாமிசென் என்ற, தோல் போர்த்திய மூன்று தந்தி ஜப்பானிய வாத்தியம் ராக் இசையோடு சேர்வது பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்குச் சில நாள் முன்புதான் என் மகன் (கிதார் வாசிக்கிறான், கல்லூரியில் ஒரு குழுவும் வைத்திருக்கிறான்) வகாக்கி பாண்ட் என்ற ஜப்பானிய ராக் குழுவின் ‘செம்போன்சகுரா’ பாட்டுக் காணொளியைப் போட்டுக் காட்டினான். ஒரு பெண் ஷாமிசெனை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்குகிறார். பக்கத்தில் எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் முழங்குகின்றன. அவனுக்கு ஒரே உற்சாகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இருபத்தைந்து வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நிதானமும் மரியாதையும் உண்டு என்று நம்புகிறவள். கிதாரின் வேலையைக் கிதாரே பார்த்துவிட்டுப் போகட்டுமே, பழைய வாத்தியத்தை ஏன் அலங்காரத்துக்கு மேடையேற்ற வேண்டும்? நீங்களோ இதைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். எதற்காக என்று கொஞ்சம் விளக்க முடியுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வீணையை எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளை மட்டும் ஒருமுறை மீட்டுங்கள். ச, ப, மேல் ச. ஜப்பானின் வடக்கே த்சுகாரு வட்டாரத்தில் புகழ்பெற்ற ‘ஜொங்காரா’ உருப்படியை வாசிக்க ஷாமிசெனின் மூன்று தந்திகளையும் இப்படித்தான் சுருதி சேர்க்கிறார்கள். ‘நி-அகரி’ என்று பெயர். இரண்டாவது தந்தியை ஏற்றுவது என்று பொருள். வழக்கமான சுருதியில் நடுத்தந்தி மத்யமத்தில் நிற்கும். அதைப் பஞ்சமத்துக்கு ஏற்றிவிட்டால் நி-அகரி.

இப்போது மகனிடம் கிதாரில் ஒரு ‘பவர் கார்ட்’ பிடிக்கச் சொல்லுங்கள். அதுவும் ச, ப, ச தான். ராக்கிலும் மெட்டலிலும் இந்த மூன்று ஸ்வரம் ஓயாமல் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டுவிட்டு காந்தாரத்தையும் சேர்த்து மீட்டினால் ஸ்வரங்கள் மோதிக் குழம்பிப்போகும். ச-ப மட்டும் அந்தக் கரகரப்பிலும் தெளிவாக நிற்கும்.

அந்தக் கரகரப்புகூட ஷாமிசெனுக்குப் புதிதல்ல. மற்ற இரண்டு தந்திகளும் மேல்முனையில் ஒரு சிறு மேட்டின்மேல் ஏறிப் போகும்போது, தடித்த முதல் தந்தி மட்டும் அதில் ஏறாமல் தண்டின் மரத்தை லேசாக உரசிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு மீட்டுக்கும் ‘ஞ்ஞ்ஞ்’ என்று ஒரு ரீங்காரம் எழும். மற்ற தந்திகளில் அதற்கு இணக்கமான ஸ்வரம் விழும்போதும், தொடாமலேயே முதல் தந்தி கூடவே ரீங்கரிக்கும். ‘ஸவாரி’ என்கிறார்கள் இதை. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி நாம் தேடுவதும் இதே சத்தத்தைத்தான். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தம்புரா சட்டென்று உயிர்பெறுவதை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். மேல்நாதங்களைப் பெருக்கி ஒலியைத் தடிப்பாக்குவதுதான் கிதார்க்காரரின் டிஸ்டார்ஷன் பெட்டி செய்வதும். வழிதான் வேறு. ஆகவே ஷாமிசெனும் ராக்கும் ஒரே மேடையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மாறுவேடமாகத் தோன்றுவதில்லை, உறவுக்காரர்கள் கூடியதுபோல் இருக்கிறது.

சரி, நிதானமும் மரியாதையும் என்று எழுதியிருந்தீர்கள். வீணைக்கு அது பொருந்தும். ஜப்பானிலேயே கொத்தோ என்ற நீளமான தந்தி வாத்தியத்துக்கும் ஓரளவு பொருந்தும். த்சுகாரு ஷாமிசென் பிறந்த இடம் வேறு. ஹோன்ஷு தீவின் வட கோடி, அவோமோரி மாநிலம், மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் ஊர்கள். அங்கே பார்வையற்ற நாடோடிக் கலைஞர்கள் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று வாசித்து அரிசியோ காசோ வாங்கிப் பிழைத்தார்கள். அவர்களைப் போசாமா என்று அழைத்தார்கள். இந்தப் பாணியின் தொடக்கமாகச் சொல்லப்படும் நிதாபோ (1857–1928) அவர்களில் ஒருவர். மூடிய கதவுக்கு உள்ளே, அடுப்பருகே உட்கார்ந்திருப்பவரை எழுந்து வரவைக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் வாசித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைவிடச் சத்தமாகவும் வேகமாகவும் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அந்த வேகமும் முழக்கமும் பசியிலிருந்து வந்தவை அம்மா. தடித்த தண்டு, தோலையே அடிக்கும் மீட்டு, வாசிக்கும்போதே புதிதாகக் கற்பனை செய்வது எல்லாம் அந்த வாசல்களிலும் திருவிழாக் கொட்டகைகளிலும் வளர்ந்தவை.

தகஹாஷி சிகுசான் (1910–1998) குழந்தையாக இருந்தபோதே தட்டம்மையில் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர். அவரும் வாசல் வாசலாக வாசித்தவர்தான். பாடகருக்குப் பக்கவாத்தியமாக இருந்த ஷாமிசெனைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிறுத்தியவர்களில் முக்கியமானவர். 1973 முதல் தோக்கியோவின் ஷிபுயாவில் ‘ஜான்ஜான்’ என்ற சின்ன அரங்கில் வாசித்தார். அங்கே அவரைத் தேடி வந்து உட்கார்ந்தவர்களில் இளைஞர்கள் ஏராளம். இந்த வாத்தியம் தனியாக மேடை ஏறியது ஏறக்குறைய ராக் இசை பிறந்து வளர்ந்த அதே பத்தாண்டுகளில்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. 1960-களிலேயே தெராவுச்சி தகேஷி எலக்ட்ரிக் கிதாரில் ஜொங்காராவை வாசித்துக் காட்டினார். அவருடைய அம்மா ஷாமிசென் ஆசிரியை. ஆக, கிதார்தான் முதலில் ஷாமிசெனின் வாசலுக்கு வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பல வருடம் முன்பு த்சுகாரு வட்டாரத்து ஹிரோசாகி ஊரில் ஒரு சின்ன உணவுவிடுதியில் இதை நேரில் கேட்டேன். வாசித்தவர் என்னிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தார். வலது கையில் விசிறி மாதிரி விரிந்த ஒரு மீட்டுக்கட்டை. ‘பாச்சி’ என்பார்கள். அது தந்தியில் பட்டு அப்படியே கீழே இறங்கித் தோலில் ‘டப்’ என்று விழுகிறது. ஒரே வீச்சில் ஸ்வரமும் தாளமும். தோலில் அது விழும் இடத்தில் அரைவட்டமாக ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது, தோல் கிழியாமல் இருக்க. அந்தத் துண்டே தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பின்னல் துணியில் ஒரு வளையம் மாட்டியிருந்தார். தண்டில் கை வழுக்கிக்கொண்டு ஓட அது வேண்டும். மெட்டுக்கட்டைகள் கிடையாது, வழவழப்பான மரம், அதனால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போக முடிகிறது. சுருதி இறங்கினால் வாசிப்பை நிறுத்தவில்லை. வலது கை அடித்துக்கொண்டே இருக்க, இடது கை மேலே போய்ப் பிரடையைத் திருகிவிட்டு வந்தது. அடுத்த மேஜையில் இருந்த பெரியவர் குரல் கொடுத்து உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் காதைவிட நெஞ்சில்தான் அதிகம் அடித்தது.

அந்தத் தோலில்தான் விஷயம் இருக்கிறது. தோல் போர்த்திய வாத்தியமாதலால் ஸ்வரம் எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். வீணையில் ஒரு மீட்டில் நீங்கள் நாலைந்து ஸ்வரம் இழுத்து வாங்குவதுபோல் இங்கே இழுக்க நாதம் மிஞ்சாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மறுபடி மறுபடி மீட்டியாக வேண்டும். அதனால்தான் மெட்டலின் வேகத்தில் ஷாமிசென் இயல்பாக உட்காருகிறது, மெதுவான ராக் பாட்டில் திணறுகிறது. அங்கே அதைக் கொண்டுவந்து வைப்பது, நீங்கள் சொன்னது மாதிரி, பெரும்பாலும் அலங்காரம்தான்.

உங்கள் ஆட்சேபத்தில் நான் முழுதாக ஒத்துக்கொள்ளும் இடமும் உண்டு. டிரம்ஸும் இரண்டு கிதாரும் முழங்கும் மேடையில் ஷாமிசெனின் தோல் ஒரு மைக்கைப் போல எல்லா ஒலியையும் வாங்கிக்கொண்டு ஊளையிட ஆரம்பிக்கும். அதை அடக்க ஒலியை வெட்டிச் செதுக்குவார்கள். அப்படிச் செதுக்கும்போது முதலில் பலியாவது ஸவாரியின் ரீங்காரமும் அந்த ‘டப்’பும்தான். பிறகு மிஞ்சுவது மெலிந்த ஒரு பாஞ்சோ சத்தம். அது கிதார் வாசிப்பதையே கூட வாசித்துக்கொண்டிருந்தால், ‘கிதாரே பார்த்துவிட்டுப் போகட்டுமே’ என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அப்படிப்பட்ட பதிவுகள் நிறைய இருக்கின்றன. எனக்கும் அவற்றைக் கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

வகாக்கி பாண்டை அந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். 2013-இல் தொடங்கிய குழு, எட்டுப் பேர். கொத்தோ, ஷகுஹாச்சி புல்லாங்குழல், த்சுகாரு ஷாமிசென், தைக்கோ முரசு ஒரு பக்கம், கிதார், பேஸ், டிரம்ஸ் மறுபக்கம். பாடகி சுசுஹனா யூகோ, ஷிகின் என்ற பழைய கவிதை ஓதும் மரபில் பயின்றவர். 2024 கடைசியில் செயல்பாட்டை நிறுத்திவைத்தார்கள். மகன் காட்டிய பாட்டை மறுபடி கேளுங்கள், இந்தத் தடவை படத்தைப் பார்க்காமல். கிதார் நீளமாக ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, அதன்மேல் நினகவா பெனியின் ஷாமிசென் பொரிவது மாதிரி கொத்திக்கொண்டு போவது காதில் விழும். கிதாரால் அதைச் செய்ய முடியாது.

கொத்தோவின் பாடு வேறு. பதின்மூன்று தந்திக்கும் தனித்தனிக் குதிரை. பாட்டு நடுவில் சுருதி மாறினால் குதிரைகளைக் கையால் நகர்த்த வேண்டும், அல்லது குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை அமுக்கி ஸ்வரத்தை ஏற்ற வேண்டும். ராக் பாட்டுக்கு அந்த அவகாசம் இருப்பதில்லை. ஆனால் கொத்தோ கலைஞர் மியாகி மிச்சியோ 1921-இலேயே பதினேழு தந்தி கொத்தோவை உருவாக்கிவிட்டார், கீழ்ஸ்தாயி போதவில்லை என்று. அவரை இன்று யாரும் மரபைக் கெடுத்தவர் என்று சொல்வதில்லை.

மகனும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து முதலில் சிகுசானின் தனி வாசிப்பைக் கேளுங்கள். அப்புறம் ஷாமிசென் வாசிக்கும் யோஷிதா சகோதரர்கள். 1999-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அதற்குப் பிறகு வகாக்கி பாண்டுக்குத் திரும்புங்கள். இந்த வரிசையில் கேட்டால், சிகுசானிடம் இருந்த எது கடைசி வரை வந்திருக்கிறது, எது வழியில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிவதைவிட உங்கள் காதுக்கு நன்றாகத் தெரியும். ஸவாரி எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.