அக்காவிடம் கேளுங்கள்: அஞ்சல் வழியில் படித்தவள் சங்கத்தில் சேரலாமா?

அன்புள்ள அக்கா, நான் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணாமலைப் பல்கலையில் அஞ்சல் வழியில் பி.காம். முடித்தேன். அங்கே படித்தவர்கள் முன்னாள் மாணவர் சங்கம் வைத்து, கிருஷ்ணகிரியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்களாம். ஆயுள் சந்தா 2,000 ரூபாய். எனக்கும் போக ஆசை. “சிதம்பரத்துல ஹாஸ்டல்ல இருந்து படிச்சவங்க நடுவுல உக்காந்து நீ என்ன பேசுவே?” என்கிறார் வீட்டுக்காரர். போகட்டுமா?
– காவேரிப்பட்டணம் வாசகி

தாராளமாகப் போங்கள் தங்கச்சி. அந்தப் பல்கலை அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது 1979-ல். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் சமம்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லும் சொல்லியிருக்கிறது. சங்கத்தின் துணைவிதியில் ‘பட்டம் பெற்றவர்’ என்று இருந்தால் நீங்களும் உறுப்பினராகலாம். ‘வளாகத்தில் பயின்றவர்’ என்று போட்டிருந்தால்தான் சிக்கல். செயலாளருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

நான் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் படித்தவள். சேலத்தில் பெரியார் பல்கலை வந்ததே 1997-ல்தான். அதற்கு முன் எங்களுக்கெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். படிக்கிற காலத்தில் சேப்பாக்கம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நான் அதன் முன்னாள் மாணவிதானே?

வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதல் அரைமணி நேரம் மெஸ் சாப்பாடு, வார்டன், ரயிலைத் தவறவிட்ட கதை என்று ஓடும். கேட்டுக்கொண்டு உட்காருங்கள், சிரிப்பாகத்தான் இருக்கும். உங்களிடமும் கதை இருக்கிறதே! தபாலில் வந்த பாடப் புத்தகக் கட்டைப் பிரிக்க நேரமில்லாமல் அடுப்படி அலமாரியில் வைத்தது, லீவு போட்டுவிட்டு நேர்முக வகுப்புக்கு ஓடியது எல்லாம் உங்களுக்கும் இருந்திருக்குமே. ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், “நானும் அஞ்சல்லதான் படிச்சேன்” என்று பக்கத்து நாற்காலியில் இருந்து குரல் வரும். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் வந்தது, அதுவும் ஒரு தலைமையாசிரியரிடம் இருந்து!

பணத்துக்கு வருவோம். எடுத்த எடுப்பில் ஆயுள் சந்தா கட்டாதீர்கள். ஒன்றிரண்டு கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். ஆண்டுச் சந்தா இருந்தால் அதைக் கட்டுங்கள். பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள், வந்தவர்கள் வாய் திறக்கிறார்களா, காபி டம்ளர் எடுக்கும் வேலை மட்டும் அவர்கள் தலையில் விழுகிறதா என்று கவனியுங்கள். ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1975-ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி 20 உறுப்பினர் சேர்ந்துவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ, மாவட்டப் பதிவாளரிடம் பதிந்தே ஆக வேண்டும். வரவு செலவைப் பொதுக்குழுவில் வாசிக்கிறார்களா என்பதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

இன்னொன்று. கணக்கு எழுதுபவர் என்று தெரிந்தால் பொருளாளர் பதவியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முதல் வருஷம் வேண்டவே வேண்டாம். மாங்கூழ் சீசனில் ஞாயிறும் வேலை இருக்குமே, ரசீதுப் புத்தகத்தை யார் தூக்கிக்கொண்டு அலைவது? குடும்ப விழா வைத்தால் வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். திரும்பும்போது தருமபுரி பஸ் ஊருக்குள் போகுமா, பைபாஸிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டு ஏறுங்கள்.

அக்கா, நான் படித்த அரசுக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் சேர்ந்தால் என் மகனுக்கு அங்கே சீட் கிடைக்குமா?
– அரூர் வாசகர்

கிடைக்காது தம்பி. இணையத்தில் விண்ணப்பம், மதிப்பெண்படி தரவரிசை, 69 சதவீத இடஒதுக்கீடு, அவ்வளவுதான். விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளை என்று சிறப்புப் பிரிவுகள் உண்டு. முன்னாள் மாணவர் பிள்ளை என்று ஒன்று கிடையாது. சந்தா கட்டுவது உங்கள் இஷ்டம், சாதிச் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கி வையுங்கள்.