பின் பிரேக்கை மிதித்தும் விளக்கு எரியவில்லை: சுவிட்சா, ஒயரிங்கா?

கேள்வி: 2016-இல் வாங்கிய 110 சிசி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன் பிரேக்கைப் பிடித்தால் பிரேக் லைட் சரியாக எரிகிறது. பின் பிரேக்கை மிதித்தால் எரிவதில்லை. ஏறி மிதிப்பதுபோல் அழுத்தினால் எப்போதாவது எரிகிறது. மூன்று வாரங்களுக்கு முன் சர்வீஸுக்கு விட்டபோது, பின் பிரேக் தளர்ந்திருப்பதாகச் சொல்லி இறுக்கித் தந்தார்கள். அதன் பிறகுதான் இப்படி. இப்போது வேறொரு பட்டறையில் காட்டியதற்கு, பின்பக்க ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. முன் பிரேக் லிவரின் அடியில் ஒரு சுவிட்ச், பின் பிரேக் பெடலின் அருகே ஒரு சுவிட்ச் என்று இரண்டு இருந்தாலும், அவை எரிய வைப்பது ஒரே பல்பைத்தான். முன் பிரேக்குக்கு அந்தப் பல்பு எரிகிறது என்றால் பல்பு, அதன் ஹோல்டர், ஃபியூஸ், எர்த், பின்விளக்கு வரை செல்லும் ஒயர் ஆகிய எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று பொருள். மிச்சம் இருப்பவை பின் சுவிட்சும், அதை இழுக்கும் சிறிய ஸ்பிரிங்கும், சுவிட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும், அவற்றை வண்டியின் ஒயரிங்கோடு இணைக்கும் கப்ளரும் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) மட்டுமே. இவற்றுக்காக ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்வது நியாயமான யோசனை அல்ல.

பிரேக்கை இறுக்கியதற்குப் பின் இந்தக் கோளாறு தொடங்கியது என்பதும், அழுத்தி மிதித்தால் எரிகிறது என்பதும் இன்னும் முக்கியமான தடயங்கள். பின் சக்கரத்தருகே பிரேக் ராடின் முனையில் உள்ள நட்டை இறுக்கும்போது, பெடல் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடுகிறது. முன்பு பெடல் இறங்கிய அளவுக்கு ஏற்ப வைக்கப்பட்ட சுவிட்ச், இப்போது அந்த அளவுக்கு இழுக்கப்படுவதற்கு முன்பே பிரேக் பிடித்துவிடுகிறது; அதனால் விளக்கு எரிவதில்லை. பிரேக்கை இறுக்கினால் சுவிட்சையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது வேலையின் ஒரு பகுதிதான். அது விடுபட்டிருக்கும் என்றே கருதுகிறேன். எனவே சர்வீஸ் செய்த இடத்துக்கே ஜாப் கார்டுடன் சென்று, கூடுதல் கட்டணம் இல்லாமல் இதைச் சரிசெய்து தரும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். வண்டியின் வலப்புறம், பெடலுக்கு மேலே, சட்டத்தில் பொருத்தப்பட்ட சிறிய பிளாஸ்டிக் உருளைதான் சுவிட்ச். அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் பெடலுக்குப் போகும். பெடலைத் தொடாமல் அந்த ஸ்பிரிங்கை விரலால் கீழே இழுத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்சும் ஒயரும் நல்ல நிலையில் உள்ளன, அளவு மட்டுமே மாறியிருக்கிறது. பகல் வெயிலில் எரிவது தெரியாமல் ஏமாற வாய்ப்புண்டு என்பதால், பின்விளக்கின் அருகே உள்ளங்கையை வைத்தோ, நிழலில் சுவரை ஒட்டி நிறுத்தியோ பாருங்கள். பின்விளக்கில் எப்போதும் மங்கலாக எரியும் சிவப்பை பிரேக் லைட் என்று எண்ணிவிடவும் கூடாது. உங்கள் வண்டியைப் போன்றவற்றில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். பிரேக்குக்கு எரிய வேண்டியது 21 வாட் இழை.

அளவைச் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய வண்டிகள் பலவற்றுக்கு அது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். அதன் பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். சுவிட்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைத் தாங்கும் நட்டை மட்டும் திருப்புங்கள். உடல் மேலே ஏறினால் விளக்கு சீக்கிரம் எரியும், கீழே இறங்கினால் தாமதமாக எரியும். அவசரத்தில் பலர் சுவிட்சையே திருகிவிடுகிறார்கள். அப்போது ஒயர்கள் முறுக்கேறி உள்ளுக்குள் அறுந்துபோகும். பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும், காலை எடுத்தவுடன் அணைய வேண்டும்.

ஸ்பிரிங்கை இழுத்தும் எரியவில்லை என்றால், கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். மழைநீர் புகுந்து தகடுகளில் பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்து மாட்டினாலே போதும். அதற்கும் எரியாவிட்டால், வண்டிப் பக்கத்துக் கப்ளரில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் சுவிட்ச் பழுது. அதை மட்டும் மாற்றுங்கள். இப்போதும் எரியாவிட்டால்தான் ஒயரில் கோளாறு. அதுவும் பெரும்பாலும் சட்டத்தில் உரசும் இடத்திலோ வளையும் இடத்திலோ ஒரு சிறு துண்டு மட்டுமே அறுந்திருக்கும். இந்தச் சோதனையின்போது ஒயர்த் துண்டு வண்டியின் இரும்பில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

முன் பிரேக்குக்கு எரிகிறதே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். நெரிசலில் நம்மில் பலர் காலால்தான் பிரேக் பிடிக்கிறோம். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு நீங்கள் வேகம் குறைப்பதைச் சொல்வது அந்த ஒரு விளக்குதான்.

கேள்வி: பின் பிரேக் சுவிட்ச் வாங்கி மாட்டியதிலிருந்து பிரேக் லைட் அணைவதே இல்லை. கடைக்காரர் பில் தரவில்லை; எலக்ட்ரிக்கல் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார். என்ன செய்வது?
– கரூர் வாசகர் ஒருவர்

பதில்: கடைக்காரரிடம் பேசுவதற்கு முன், குறை பொருளில்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பின் சுவிட்சின் கப்ளரைக் கழற்றுங்கள். அதன் பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் முன் லிவரின் சுவிட்ச் சிக்கியிருக்கலாம். புதிய பொருள்மீது பழி இல்லை. அணைந்தால் கப்ளரை மீண்டும் மாட்டி, ஸ்பிரிங்கைப் பெடலிலிருந்து விடுவித்துப் பாருங்கள். விடுவித்தவுடன் அணைந்தால் சுவிட்ச் அளவுக்கு மேல் உயர்த்தி மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது பெடல் கிரீஸ் இல்லாமல் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஸ்பிரிங்கை விடுவித்த பிறகும் எரிந்தால் மட்டுமே சுவிட்ச் குறையுள்ளது என்று சொல்ல முடியும். எப்படியாயினும் உடனே சரிசெய்யுங்கள்: 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், சிறிய பேட்டரிக்கு அது பெரிய சுமை.

பொருள் குறையுள்ளதென்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்; வாட்ஸ்அப் செய்தியானாலும் பதிவு இருக்கட்டும். யுபிஐ வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும், சுவிட்ச் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் ஒரு சுவிட்சுக்காக அலைய நேரும் நாட்களை எண்ணிப் பார்த்தால், 1915 வரை சென்று முடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

மாற்றுச் சுவிட்ச் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மரையின் பருமன், ஸ்பிரிங்கின் நீளம், கப்ளரின் வடிவம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உறையில் தயாரிப்பாளர் பெயரும் அதிகபட்ச சில்லறை விலையும் இல்லாத பொருளை வாங்காதீர்கள்.

கேள்வி: என் வண்டியில் பின்புறமும் டிஸ்க் பிரேக். நீங்கள் சொல்லும் ஸ்பிரிங்கையே காணவில்லையே?
– தஞ்சாவூர் வாசகர் ஒருவர்

பதில்: டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளிலும் சிலவற்றில் ஸ்பிரிங் சுவிட்சே இருக்கும். உங்களுடையதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச் இருக்கக்கூடும். அதில் திருப்பிச் சரிசெய்ய நட் இல்லை. கப்ளரைக் கழற்றி, மேலே சொன்னபடி இரண்டு முனைகளை இணைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நீங்கள் செய்யலாம். சுவிட்சைக் கழற்றினால் பிரேக் ஆயில் வழிந்து குழாய்க்குள் காற்று புகும். காற்றை முழுவதும் வெளியேற்றாமல் ஓட்டினால் பிரேக்கே பிடிக்காது. அந்த வேலையை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிட்டு, வண்டியை எடுக்கும்போது பெடல் கல்போல் உறுதியாக நிற்கிறதா என்று அங்கேயே மிதித்துப் பாருங்கள்.