கனடாவில் தேவாலயங்கள் பூர்வகுடிகளிடம் கேட்கும் மன்னிப்பு வெறும் சடங்கா?

கேள்வி: கனடாவில் ஒவ்வொரு திருச்சபையும் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டு, நல்லிணக்கம் என்கிறது. இதனால் ஏதாவது மாறியதா, இல்லை கண்துடைப்பா?

பதில்: கண்துடைப்பும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், யுனைட்டட் சேர்ச் என்ற புரொட்டஸ்தாந்து திருச்சபையின் ஆலயம் ஒன்றுக்குப் போகிறவன் நான். எங்கள் கதையையே சொல்கிறேன்.

1985இல் அல்பர்ட்டா பில்லி என்ற பூர்வகுடிப் பெண் சபையின் தேசிய நிர்வாகக் குழுவில், எங்கள் மக்களிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஒன்ராறியோ மாகாணத்துச் சட்பரியில் கூடிய பொதுச்சபையின்போது கேட்டார்கள். உங்கள் ஆன்மிகத்தின் ஆழம் எங்களுக்குத் தெரியவில்லை, உங்களை எங்களைப்போல் ஆக்கப் பார்த்தோம் என்று சபைத் தலைவர் றொபர்ட் ஸ்மித் மூத்தோரிடம் சொன்னார். பூர்வகுடிகளின் முறையான பதில் 1988இல்தான் வந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்டதை அறிந்துகொண்டோம், ஆனால் ஏற்கவில்லை. சொன்னபடி நடந்து காட்டுங்கள் என்பது அதன் சாரம். மன்னிப்பின் நினைவாகச் சட்பரியில் எழுப்பிய கற்குவியலையும் அதே காரணத்துக்காக முடிக்காமல் விட்டார்கள்.

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். நம் குடும்பச் சண்டைகளில், மன்னிப்புக் கேட்டதும் 'சரி விடு' சொல்லாதவர்தான் கடைசியில் கெட்டவர் ஆவார். இங்கே அந்த வசதி சபைக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் பொறுத்திருந்தது சரிதான். 1986 மன்னிப்பில் விடுதிப் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிகள் அவை. பணம் அரசுடையது, நடத்தியது பெரும்பாலும் சபைகள். அதற்கு எங்கள் சபை தனியாக மன்னிப்புக் கேட்டது 1998இல். அப்போதே வன்கூவர் தீவின் அல்பேர்ணி பள்ளியில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் பொறுப்பு யாருக்கு என்று அரசும் சபையும் இழுபறிப்பட்டன. 2005இல் உச்ச நீதிமன்றம் அரசுக்கு 75, சபைக்கு 25 சதவீதம் என்று தீர்த்தது. பிரசங்க மேடையில் ஒரு குரல், நீதிமன்றத்தில் வேறு குரல். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள்.

சபை மண்டபத்தில் நடந்த 'போர்வைப் பயிற்சி'யில் கலந்துகொண்டிருக்கிறேன். சபைகள் சேர்ந்த பூர்வகுடி உரிமைக் கூட்டணியும் (பிறகு இது கைரோஸ் அமைப்பில் இணைந்தது) பூர்வகுடி மூத்தோரும் 1997இல் உருவாக்கியது. தரையெல்லாம் போர்வை; அதுதான் நிலம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடமாடவேண்டும். ஒருவர் வரலாற்றை வாசிக்க வாசிக்க, இன்னொருவர் வந்து போர்வைகளை மடிப்பார். அம்மை நோய் என்றதும் சிலர், இறந்தவர்களாக, வெளியேறவேண்டும். கடைசியில் கால் வைக்கத்தான் இடம் இருந்தது. பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசினோம். என் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "எங்களுக்கு மிஷன் பள்ளிக்கூடம்தானே படிப்புத் தந்தது, இவையளுக்கு ஏன் இப்படி?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளைப் பெற்றோர் விரும்பி அனுப்பினார்கள். இங்கே 1920இல் சட்டம் போட்டு, மறுத்தால் தண்டனை என்று மிரட்டிப் பிள்ளைகளைப் பிடித்தார்கள்.

கத்தோலிக்கர் கதை இன்னும் மெதுவானது. விடுதிப் பள்ளிகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கான 2006 இழப்பீட்டு உடன்படிக்கைப்படி 2.5 கோடி டொலர் திரட்ட முயல்வதாகச் சொல்லி, 40 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2021இல் ஆயர்கள் மறுபடி, ஐந்து ஆண்டுகளில் 3 கோடி என்றார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் அல்பர்ட்டா மாகாணத்தின் பூர்வகுடி ஊரான மஸ்குவாசிஸ் போய் நேரில் மன்னிப்புக் கேட்டது எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. நீங்கள் கனடாவில் கத்தோலிக்கர் என்றால், அந்த 3 கோடியில் உங்கள் மறைமாவட்டம் எவ்வளவு கட்டியது என்று பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.