பிரமிடோடு திரும்பிவிடாதீர்கள்: எகிப்துப் பயணக் கேள்வி பதில்

எகிப்துக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். குளிர்கால விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். விசாவையும் டிக்கெட் விலையையும் தொடவில்லை. விலை அடிக்கடி ஏறுகிறது, விசா விதி பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறுகிறது. கிளம்பும் முன் தூதரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கெய்ரோ, அலெக்சாண்டிரியா, லக்சர், அஸ்வான், அபு சிம்பெல், செங்கடல் எல்லாம் முடியுமா? (வங்கி ஊழியர், மதுரை)

போய்வரலாம் சார், ஆனால் பாதி நேரம் வண்டியில் போய்விடும். அலெக்சாண்டிரியாவையும் செங்கடலையும் எடுத்துவிடுங்கள். அலெக்சாண்டிரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருக்கிறது. அழகான கடற்கரை நகரம்தான், ஆனால் ஃபாரோக்களை, அதாவது பண்டைய எகிப்து மன்னர்களைத் தேடிப் போகிறவருக்கு அது அவசரமில்லை.

கெய்ரோவுக்கு மூன்று நாள், லக்சருக்கு மூன்று, அஸ்வானுக்கு இரண்டு. கெய்ரோவிலிருந்து லக்சருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். இரவு ரயிலில் பத்து மணி நேரம் வரை ஆகும். வயதானவர்கள் உடன் வந்தால் விமானமே நல்லது.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கோடையில் லக்சரும் அஸ்வானும் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நம் ஊர் வெயில் பழகியவர்கள்தானே என்று வருகிறவர்கள் லக்சரில் மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் நிழலே இல்லாத அரசர் பள்ளத்தாக்கில் பதினோரு மணிக்கே சோர்ந்துவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் காலையும் இரவும் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். மார்ச் முதல் மே வரை கம்சீன் என்ற மணற்காற்று சில நாள் அடிக்கும். ரமலான் மாதத்தில் பார்வை நேரம் குறையும்.

கீசாவில் பெரிய பிரமிடுக்குள் போகத்தான் வேண்டுமா? அம்மாவுக்கு மூட்டு வலி. (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

அம்மா வேண்டாம், நீங்கள் போங்கள். உள்ளே ஏறும் பாதையின் ஒரு பகுதி நான்கு அடி உயரம்தான். குனிந்தபடியே, சரிவில், எதிரே இறங்கி வருகிறவர்களுக்கு ஒதுங்கிக்கொண்டே ஏற வேண்டும். காற்று புழுக்கமாக இருக்கும். அதைத் தாண்டியதும் தலைக்கு மேல் எட்டரை மீட்டர் உயரத்துக்குக் கற்சுவர்கள் படிப்படியாக நெருங்கிக்கொண்டே போகும் பெரிய நடைபாதை வரும். சீட்டு வாங்கியது அதற்காகத்தான். முடிவில் இருக்கும் அரசர் அறையில் மூடியில்லாத ஒரு கிரானைட் பெட்டி மட்டுமே இருக்கிறது. ஓவியமோ எழுத்தோ எதுவும் கிடையாது. "இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்று கேட்பவர்கள் குழுவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அந்தக் கிரானைட் அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் நைல் வழியாக வந்தது என்று சொன்னால் கொஞ்சம் சமாதானம் ஆகிறார்கள்.

அம்மா வெளியே இருந்து மூன்று பிரமிடுகளையும், சிங்க உடலும் மனிதத் தலையுமாக இருக்கும் ஸ்பிங்ஸ் சிலையையும் பார்க்கட்டும். வளாகத்துக்குள் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன, முன்போல நடக்க வேண்டியதில்லை.

ஒட்டகக்காரர்கள் ஏமாற்றுவார்களாமே?

ஏறும்போது ஒரு விலை, இறங்கும்போது ஒரு விலை என்பது பழைய கதை. மொத்த விலை, எத்தனை பேர், எவ்வளவு நேரம், இறக்கிவிடுவதும் அதில் அடக்கமா என்று நால்வர் முன்னால் பேசிவிட்டு ஏறுங்கள். யாராவது தலையில் துண்டைக் கட்டிவிட்டு "கிஃப்ட்" என்றால் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கோபப்பட வேண்டாம், "லா, சுக்ரன்" (வேண்டாம், நன்றி) போதும்.

பக்‌ஷீஷ் என்ற இனாம் வேறு விஷயம். கழிப்பறையில் இருப்பவர், பெட்டி தூக்குபவர், படகோட்டி எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சில்லறை நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைக் காவலர் கயிற்றைத் தூக்கி "உள்ளே வா, போட்டோ எடு" என்று அழைத்தால் மட்டும் போகாதீர்கள். கயிறு கட்டியிருப்பது சுவருக்குப் பாதுகாப்பாக.

பிரமிடைக் கட்டியது அடிமைகளா, வேற்றுக்கிரகவாசிகளா? பையன் தினமும் ஒரு வீடியோ காட்டுகிறான். (இல்லத்தரசி, சேலம்)

இரண்டுமில்லை அம்மா. கீசாவிலேயே பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள் 1990இல் கிடைத்தன. அரசரின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்துப் புதைத்திருக்கிறார்கள், அடிமைகளுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்) சுருள்கள் கிடைத்தன. மெரெர் என்ற மேலாளர் தன் ஆட்களோடு துரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு கீசாவுக்குப் படகு ஓட்டிய வேலைக்குறிப்பு அது, பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னர் காலத்தது. 4,500 ஆண்டுக்கு முந்தைய லாரி டிரைவரின் டிரிப் ஷீட் என்று பையனிடம் சொல்லுங்கள்.

கூடவே இதையும் சொல்லலாம்: ஸ்பிங்ஸின் மூக்கை நெப்போலியன் உடைக்கவில்லை. அவர் பிறக்கும் முன்பே, 1737இல், ஒரு டேனிஷ் பயணி வரைந்த படத்திலும் மூக்கு இல்லை.

கெய்ரோவில் கீசா தவிர ஒரே ஒரு இடம் என்றால்? (கல்லூரி மாணவர், திருச்சி)

சக்காரா என்ற பழைய இடுகாடு, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கீசாவுக்கு அரை நாள் போதும், சக்காராவுக்கு ஒரு முழு நாள் கொடுக்கலாம். பெரும்பாலான குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன. நேரமாகிவிட்டது என்று படிப் பிரமிடின் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஜோசர் மன்னருக்காக அவருடைய அமைச்சர் இம்ஹோதெப் எழுப்பிய அந்தப் படிப் பிரமிடு கீசாவை விட ஒரு நூறு ஆண்டு மூத்தது. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் 2020இல் மறுபடி திறந்தார்கள். ஆனால் சக்காராவின் சொத்து அதிகாரிகளின் கல்லறைகளில்தான் இருக்கிறது. மெரெருகாவின் கல்லறையில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். வரி கட்டாத ஊர்த் தலைவர்களைப் பிடித்து இழுத்துவந்து அடிக்கிறார்கள், கழுதைப்புலிக்கு வாயைத் திறந்து தீனி திணிக்கிறார்கள், எல்லாம் சுவரில்.

தீ என்பவரின் கல்லறை திறந்திருந்தால் விடாதீர்கள். மாடுகள் கால்வாயைக் கடக்கும் காட்சி ஒன்று உண்டு. இடையன் ஒருவன் கன்றை முதுகில் சுமந்துகொண்டு முன்னால் போகிறான், கன்று திரும்பித் தாயைப் பார்க்கிறது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் தண்ணீருக்கடியில் மாட்டின் கால்கள் தெரிகிற மாதிரி செதுக்கியிருப்பதும் தெரியும்.

பிரமிடுக்குள் எழுத்து பார்க்க ஆசை என்றால் அதுவும் இங்கேதான். ஊனாஸ், தேத்தி மன்னர்களின் பிரமிடுகள் வெளியே மண்மேடு போல இருக்கும். உள்ளே சுவர் முழுக்கச் சித்திர எழுத்து, மேலே நட்சத்திரக் கூரை. நேரம் மிச்சமிருந்தால் தாஷூர். பாதியில் சாய்வு மாறிய வளைந்த பிரமிடும் செந்நிறப் பிரமிடும் அங்கே இருக்கின்றன, கூட்டமே இருக்காது.

புதிய அருங்காட்சியகம், பழைய அருங்காட்சியகம், மம்மி அருங்காட்சியகம் என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

மூன்றும் வேறு வேறு. கீசா பக்கத்தில் இருப்பது கிராண்ட் எகிப்தியன் மியூசியம். 2025 நவம்பரில் முழுதாகத் திறந்தது. துட்டன்காமுன் மன்னரின் கல்லறையில் கிடைத்த 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள், தங்க முகமூடி உட்பட, இங்கேதான். நுழைந்ததும் நிற்கிற இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் 11 மீட்டர் சிலை 2006 வரை கெய்ரோ ரயில் நிலையத்துக்கு முன்னால் புகையில் நின்றுகொண்டிருந்தது. கூஃபுவின் 43 மீட்டர் மரப்படகும் இங்கே வந்துவிட்டது. நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

அரசர்களின் மம்மிகள் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில். 2021இல் 22 மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோனார்களே, அங்கே. அந்தக் கூடத்தில் படம் எடுக்கக்கூடாது. தஹ்ரிர் சதுக்கத்தின் பழைய கட்டடம் 1902இல் திறந்தது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் தானிஸ் நகர அரசர்களின் தங்கமும் வெள்ளிச் சவப்பெட்டியும் பார்க்க வேண்டியவை. ஒன்றுதான் முடியும் என்றால் புதியது. இரண்டு என்றால் மம்மிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லக்சரில் அரசர் பள்ளத்தாக்கு டிக்கெட்டில் மூன்று கல்லறைதானாம். எதைத் தேர்ந்தெடுப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பொது டிக்கெட்டில் மூன்று என்பது சரிதான் டீச்சர். துட்டன்காமுன், முதலாம் செத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனி டிக்கெட், அதை வாசலிலேயே வாங்கிவிட வேண்டும். கல்லறைக்கு முன்னால் போய்க் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார்டு கையில் இருக்கட்டும், பெரிய இடங்களில் பெரும்பாலும் ரொக்கம் வாங்குவதில்லை.

மூன்றில் ஒன்றாக நான்காம் ராம்சேஸை வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்துப் படி இல்லை, உங்களுக்குச் சிரமம் இருக்காது. மூன்றாம் ராம்சேஸ் இரண்டாவது. மூன்றாவதை அன்று திறந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யலாம். கல்லறைகளை மாற்றி மாற்றி மூடுவார்கள்.

தனி டிக்கெட்டில் நான் சொல்வது ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் இருவருக்கும் பொதுவான கல்லறைதான். அதன் கூரையில் வானதேவி நூத் நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடலுக்குள் நடக்கவிட்டு, காலையில் பெற்றெடுக்கிறாள். சுவரில் பழைய கிரேக்க, லத்தீன் பயணிகள் கிறுக்கிவிட்டுப் போன நூற்றுக்கணக்கான பெயர்களும் உண்டு. "நான் வந்தேன்" என்று சுவரில் எழுதும் புத்தி ரோமர்களுக்கும் இருந்தது. துட்டன்காமுன் கல்லறை சின்னது, ஓவியம் ஒரே அறையில்தான். அவருடைய மம்மி இன்னும் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்பதற்காகப் போகலாம். செத்தியினுடையது மிக அழகு, விலையும் அப்படியே.

காலை ஆறு மணிக்கே வாசலில் இருங்கள். பேருந்துகள் வந்து இறங்குவதற்குள் இரண்டு கல்லறை முடிந்துவிடும். அப்புறம் எல்லோரும் ஹத்ஷெப்சுத் அரசியின் கோயிலுக்கு ஓடுவார்கள், நீங்கள் தெய்ர் எல் மதினாவுக்குப் போங்கள். அரசர் கல்லறைகளைத் தோண்டி வரைந்த கைவினைஞர்கள் வாழ்ந்த கிராமம். வீட்டுச் சுவர்கள் இடுப்பளவுக்கு நிற்கின்றன. அவர்களில் சென்னெஜெம் என்பவர் தனக்கென்று கட்டிக்கொண்ட கல்லறைக்குப் படியில் குனிந்து இறங்க வேண்டும். வளைந்த கூரை போட்ட ஒரே ஒரு சின்ன அறை. மஞ்சள் பின்னணியில் அவரும் மனைவியும் மறுமை உலக வயலில் உழுகிறார்கள், அறுக்கிறார்கள். வெள்ளை உடை கசங்கவில்லை. நேற்றுத்தான் தூரிகையைக் கழுவி வைத்தார்களோ என்று தோன்றும். அரசர்களின் பிரம்மாண்டத்தைவிட இந்த அறைதான் எனக்குப் பிடித்தது, குழுவில் பலருக்கும் அப்படியே.

இதே கிராமத்து ஆட்கள்தான் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வரவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்கு அருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அது. அந்த ராம்சேஸ் கட்டிய மெதினத் ஹாபு கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, மாலையில் போகலாம். கர்னாக் கோயிலின் 134 தூண்களுக்கு மறுநாள் காலை. லக்சர் கோயில் இரவில், விளக்கு போட்ட பிறகு.

அபு சிம்பெலுக்கு ஒரு நாள் செலவழிப்பது தகுமா?

தகும். அஸ்வானிலிருந்து பாலைவனச் சாலையில் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். அஸ்வான் உயர் அணை கட்டியபோது மூழ்கவிருந்த கோயிலை 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து, 65 மீட்டர் மேலே அப்படியே மறுபடி சேர்த்தார்கள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டு நாளும் சூரியன் கருவறை வரை வரும். அங்கே இருக்கும் நான்கு சிலைகளில் ப்தா என்ற தெய்வம் மட்டும் இருட்டிலேயே இருக்கும். அந்தத் தேதியில் போகாதீர்கள், நெரிசலில் ஒன்றும் தெரியாது.

சுத்த சைவம். பட்டினியா? (சென்னை)

இல்லவே இல்லை. காலையில் ஃபூல், அதாவது மொச்சை போன்ற பயறை வேகவைத்து மசித்தது. கூட தாமியா, அதே பயறில் சுட்ட பச்சை வடை. மதியம் கொஷரி: சோறு, மைசூர்ப் பருப்பு மாதிரி ஒரு பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். பூண்டு வினிகரைக் கேட்டு வாங்கி ஊற்றுங்கள், நம் நாக்குக்கு அது இல்லாமல் சப்பென்று இருக்கும். முலுகியா என்ற கீரைக் குழம்பைக் கோழிச் சாற்றில்தான் பெரும்பாலும் வைப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். "சியாமி" என்று கேட்டால் காப்டிக் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

பெண் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். ஆபத்தை விட நச்சரிப்புதான் அதிகம். தோளும் முழங்காலும் மூடிய உடை, கெய்ரோ மெட்ரோவில் பெண்கள் பெட்டி, இரவில் ஆப் டாக்சி. லக்சரில் குதிரைவண்டிக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள், பதில் சொல்லாமல் நடங்கள்.

எகிப்தில் தமிழ் எழுத்து கிடைத்ததாமே, அங்கே போக முடியுமா? (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்)

செங்கடல் துறைமுகங்களான குசைர் அல் கதீமிலும் பெரெனிகேயிலும் தமிழ் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குசைரில் "பானை ஒறி" (பானை தொங்கவிடும் உறி), "கணன்", "சாதன்" என்ற எழுத்துகள். பெரெனிகே கோயிலில் ஓர் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது, முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் இரண்டும் அகழாய்வுத் தளங்கள், வழக்கமான சுற்றுலாவில் சேராது. பாலைவனம் தாண்டி அந்தச் சரக்கு நைலை அடைந்த இடம் கொப்டோஸ், இன்றைய கிஃப்த். லக்சரிலிருந்து தெந்தேரா கோயிலுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. தெந்தேரா கட்டாயம் போங்கள். படிந்திருந்த புகைக்கரியைத் துடைத்தெடுத்த நீலக் கூரைக்காக. அங்கே மாடியில் இருக்கும் ராசிச் சக்கரம் மட்டும் நகல், அசல் பாரிஸில்.

கடைசிக் கேள்வி: என்ன வாங்கி வருவது?

தெருவில் விற்கும் "பாப்பிரஸ்" பெரும்பாலும் வாழை நார். சுருட்டினால் மடிந்து உடையும். அசல் நாணல் மடியாமல் விரியும். அலபாஸ்டர் (ஒருவகை வெண்கல்) கிண்ணத்துக்குள் போன் விளக்கைப் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். அஸ்வான் சந்தையில் காய்ந்த செம்பருத்தி, கர்கதே, ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாம். யாராவது ரகசியமாகத் துணியைப் பிரித்து "உண்மையான பழம்பொருள்" என்று காட்டினால் அது போலியாக இருந்தால் பணம் போச்சு, அசலாக இருந்தால் விமான நிலையத்தில் கைது.