பறவைக்கு வைத்த கொழுப்புருண்டை ஏன் இறுகவில்லை?

கேள்வி: தோட்டத்துக்கு வரும் பறவைகளுக்காக வீட்டிலேயே கொழுப்புருண்டை செய்து தொங்கவிட்டேன். இறைச்சி வறுத்த தட்டில் வடிந்த கொழுப்பைச் சேர்த்து வைத்து, வேகவைத்த ஓட்ஸும் விதைகளும் கலந்தேன். குளிர்பெட்டியில் வைத்தும் பிசுபிசுப்பு போகவில்லை. நேற்று வந்த ஒரு பட்டாணிக்குருவியின் வயிற்று இறகு திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. நான்தான் காரணமா? பேசாமல் கடையில் வலைப்பையில் விற்பதை வாங்கிவிடட்டுமா?

பதில்: ஆமாம், பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான் காரணமாக இருக்கும். மிச்சம் தொங்குவதை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. வறுத்த தட்டில் வடிவது வெறும் கொழுப்பு இல்லை. இறைச்சிச் சாறு, தண்ணீர், வறுக்க ஊற்றிய எண்ணெய், உப்பு எல்லாம் சேர்ந்த கலவை. அது எப்படி இறுகும்? சாறு இருப்பதால் கிருமி வளரும். உப்பையோ சின்னப் பறவையின் உடம்பு தாங்காது. அந்தக் கொழுப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

இறகு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். "பறவையே வாலடிச் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து இறகில் பூசிக்கொள்கிறதே, இதனால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். அது துளியளவு, அதுவும் மெழுகு மாதிரியானது. ஓர் இறகை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து மயிரிழைபோல் நுண்ணிய இழைகள், அந்த இழைகளில் குட்டிக் குட்டிக் கொக்கிகள். கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் தண்ணீர் உள்ளே போவதில்லை. அடியில் இருக்கும் பஞ்சு இறகுகளுக்கிடையே நிற்கும் காற்று உடம்புச் சூட்டைக் காக்கிறது. இளகிய கொழுப்பு அங்கே இறங்கிவிட்டால் எல்லாம் திரியாகச் சேர்ந்துகொள்ளும், குளிர் நேரே தோலுக்குப் போய்விடும். பட்டாணிக்குருவி வகைகளில் சிறியவை 11 கிராம் அளவுதான் இருக்கும். நீண்ட குளிர்கால இரவு ஒன்றில் உடல் எடையில் 10 சதவீதம் வரைகூட அவை இழக்கக்கூடும். அதை ஈடுகட்டத்தான் நாம் கொழுப்பே வைக்கிறோம்: ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, அதே எடை மாவுச்சத்தில் 4. ஒரு கையால் கஞ்சி ஊற்றி மறு கையால் போர்வையை உருவினால் எப்படி?

சரி, எந்தக் கொழுப்பு? மாடு அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கெட்டிக் கொழுப்பு. 40 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். இதை வாங்கும்போது கவனம். சிறுநீரகக் கொழுப்பு கேட்டால் முதுகிலும் தொடையிலும் சீவிப்போட்ட கழிவைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பறவைக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, நேற்றைய மிச்சம், முந்தாநாள் மிச்சம் எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள் வந்துவிடும். சமையலுக்கு என்றே சொல்லுங்கள். நல்ல சிறுநீரகக் கொழுப்பு வெள்ளையாக, உலர்ந்து, மெல்லிய சவ்வுக்குள் இருக்கும். விரலால் நசுக்கினால் பொலபொலவென்று உதிரும். வழவழவென்று கையில் ஒட்டினாலோ, இழுத்தால் ஜவ்வாக நீண்டாலோ கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதைப் பொடியாக நறுக்கி, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் உருக்குங்கள். புகையக்கூடாது, தண்ணீர் தெறிக்கக்கூடாது, அடுப்பை விட்டு நீங்கள் நகரவும் கூடாது. உருகியதைத் துணியில் வடிகட்டி இறுகவிட்டு, மறுபடி உருக்கி வடிகட்டுங்கள். சோம்பல்பட்டு எல்லாரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது உருக்கலைத்தான். அதைச் செய்தால் உருண்டை நன்றாகக் கெட்டிப்படும், சீக்கிரம் காறாது. அளவு சுலபம்: எடைக்கு ஒரு பங்கு கொழுப்பு, இரண்டு பங்கு உலர்ந்த சாமான். கொழுப்பு தெளிவாக இருக்கும்போதே கொட்டினால் விதையெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறி, லேசாகக் கலங்கி வெளுக்கத் தொடங்கும் தருணத்தில் கலந்து, காலியான தயிர்க் கோப்பையிலோ கொட்டாங்கச்சியிலோ அழுத்தி நிரப்புங்கள்.

ஓட்ஸைப் பச்சையாகவே போடுங்கள். வேகவைத்தது அலகைச் சுற்றி ஒட்டிக் காய்ந்துவிடும். நிலக்கடலை உப்பில்லாததாக, பூஞ்சை வாடை துளியும் அடிக்காததாக இருக்கட்டும். பூஞ்சை பிடித்த கடலையில் இருக்கும் அஃப்ளடாக்சின் பறவையைக் கொல்லும். முழுக் கடலை குஞ்சுகளின் தொண்டையில் சிக்கும், நொறுக்கித்தான் போட வேண்டும். காய்ந்த தேங்காய்த் துருவல் வயிற்றுக்குள் போய் ஊதும், வேண்டாம். பாலும் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் உலர்திராட்சை சேர்க்காதீர்கள். கீழே சிந்துவதைத் தின்றால் நாயின் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

விலங்குக் கொழுப்பைத் தொடாதவர்கள் அடுத்து எண்ணெயைப் பற்றிக் கேட்பார்கள். சமையல் எண்ணெய், ரொட்டியில் தடவும் மிருதுவான மார்ஜரின் இரண்டுமே கூடாது, இறகில் அப்பிக்கொள்ளும். இதற்கு ஒரே ஒரு விலக்கு, அறை வெப்பத்திலும் கட்டியாகவே நிற்கும் தாவரக் கொழுப்பு. பனை எண்ணெயை அடிப்படையாக வைத்துச் செய்த கெட்டிக் கொழுப்பு இந்த வகை. ஆனால் இந்த விலக்கைச் சொன்னவுடன் தேங்காயெண்ணெய் புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குளிரில் அது கல்லாக இருப்பது உண்மைதான். ஆனால் அது உருகும் நிலை சுமார் 24 டிகிரி. காற்று 15 டிகிரியாகவே இருக்கட்டும். வெயில் நேரே விழும் சுவரோரத்தில் தொங்குகிற உருண்டை அதைவிட நன்றாகவே சூடாகிவிடும். அப்புறம் மறுபடியும் அதே எண்ணெய்தான், அதே திரிதான். தேங்காயெண்ணெய்தான் வேண்டும் என்றால் கடுங்குளிர் நாளில், நாள் முழுக்க நிழல் விழும் இடத்தில் மட்டும் தொங்கவிடுங்கள். தொட்டால் விரலில் மினுமினுப்பு ஒட்டுகிறதென்றால் அந்த நிமிடமே இறக்கிவிடுங்கள். அவ்வளவு பாடு எதற்கு என்றால், எதற்குமில்லை. விதைகளை வெறுமனே வைத்தாலே போதும்.

இனி அந்த வலைப்பை. வாங்கவே வாங்காதீர்கள் என்பேன். நைலான் வலைக் கண்ணில் விரல் நகம் மாட்டிக்கொண்டு பறவை தலைகீழாகத் தொங்கும், அலகும் மாட்டும். வலையைக் கழற்றிவிட்டுத்தான் உருண்டையை வைக்க வேண்டும் என்று பறவை நல அமைப்புகள் தொண்டை வறளச் சொல்கின்றன. கழற்றி எறிய வேண்டிய வலையை எதற்குச் சுற்றி விற்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உள்ளே இருப்பதும் அப்படியொன்றும் ஒசத்தியில்லை. பொதியில் "சாம்பல்" என்று ஒரு சதவீதம் போட்டிருந்தால் அதைப் படியுங்கள். எரித்த பிறகு மிஞ்சும் தாதுப்பொருளின் அளவு அது. அது வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருந்தால், எடை கூட்டச் சுண்ணாம்புத்தூள் மாதிரி எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். "எண்ணெய்களும் கொழுப்புகளும்" என்று மொத்தமாக எழுதினால் எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு என்பது செய்தவருக்கே வெளிச்சம். தின்னும் பறவை புகார் கொடுக்கப் போவதில்லை என்ற தைரியம்.

நீங்கள் செய்வதைக் கம்பிக்கூண்டு மாதிரியான தீனிக்கூட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை கூட்டைக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, இடம் மாற்றித் தொங்கவிடுங்கள். அழுக்குத் தீனிக்கூடு நோய் பரப்பும்: பிரிட்டனில் 2005 முதல் டிரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் தாக்கி பச்சை பிஞ்ச் பறவைகள் ஏராளமாகச் செத்தன. பறவைகள் கூடும் தீனியிடங்களில் அது எளிதாகப் பரவியது.

வெயில் காலம் வந்தால் கொழுப்பை நிறுத்திவிடுங்கள். காறிப்போகும், ஒழுகும். அடைகாக்கும் பறவையின் வயிற்றில் ஒட்டினால் முட்டை ஓட்டிலும் படியும். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டால் உள்ளே கரு மூச்சுமுட்டிச் சாகும். வாத்துகள் பெருகாமல் தடுக்க முட்டையில் எண்ணெய் பூசுவது இந்தக் கணக்கில்தான்.

நீங்கள் பார்த்த குருவியைப் பிடித்துக் கழுவ மட்டும் இறங்காதீர்கள். பிடிக்கிற பயமும் நனைகிற குளிரும் அதற்குக் கூடுதல் கேடு. லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது, நன்றாகப் பறக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். ஆழமில்லாத தட்டில் சுத்தமான தண்ணீர் வையுங்கள், குளித்துக் கோதிக்கொள்ளும். பறக்க முடியாமல் உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் மெதுவாக வைத்து, வனவிலங்கு மீட்பாளரையோ பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரையோ அழையுங்கள்.