கடலடி வண்டலை ஆராய ஏன் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒரே கப்பலில் போகிறார்கள்? ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாதா?

செலவைப் பங்குபோடத்தான் என்பார்கள். அது பாதிப் பதில். மீதியை, கல்லூரியில் நிலவியல் படித்த நாளிலிருந்து என்னை விடாத ஒரு பயணத்தை வைத்துச் சொல்கிறேன்.

1970 ஆகஸ்டில் 'குளோமர் சேலஞ்சர்' என்ற அமெரிக்கத் துளையிடும் கப்பல் லிஸ்பனிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. தலைமை ஏற்றவர்கள் அமெரிக்கரான வில்லியம் ரயனும், சீனாவில் பிறந்து சூரிச்சில் பணியாற்றிய கென்னத் ஷூவும். இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரியா, ருமேனியா ஆட்களும் கூட இருந்தார்கள்.

இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கிற இடத்தில் துளைத்தால், ஜிப்சமும் உப்பும் வருகின்றன. துளைத்தெடுத்த ஒரு துண்டில் வெளிறிய அன்ஹைட்ரைட் (நீர் சேராத ஜிப்சம் மாதிரியான கனிமம்) முடிச்சுகள், அவற்றைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி கருத்த கோடுகள். அபுதாபி பக்கத்து உவர்நிலங்களில், கொளுத்தும் வெயிலில் உருவாகிற வகை அது. கூடவே பாசிப் படிவ அடுக்குகள். வெளிச்சம் படாமல் அந்தப் பாசி வளராது. அப்படியானால் கடல் வற்றியிருக்க வேண்டும்!

இதை ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்? மிலானிலிருந்து வந்த மரியா பியாங்கா சிட்டா நுண்ணுயிர்ப் புதைபடிவங்களில் தேர்ந்தவர். உப்புக்கு மேலிருந்த வண்டலில் ஆழ்கடல் உயிர்கள் இருப்பதை அவர் காட்டினார். சுமார் 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் திரும்ப நிரம்பியதன் சாட்சி அது. அப்புறம் எகிப்திலிருந்து இன்னொன்று. அஸ்வான் அணைக்காகத் துளையிட்ட சோவியத் நிலவியலாளர் சுமாகோவ், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, நைலுக்கு அடியில் புதைந்த ஆழமான பள்ளத்தாக்கையும் அதில் கடல் வண்டலையும் கண்டிருந்தார். கடல் மட்டம் அவ்வளவு இறங்கியதால்தான் நதி அந்த ஆழத்துக்கு அரித்திருக்கிறது. பனிப்போரின் இரு பக்கத்துத் தரவும் ஒன்றோடொன்று பொருந்திய இந்த இடம் எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

கடல் எவ்வளவு வற்றியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு எப்படி மாறியது என்று பார்க்க, 2023 டிசம்பரில் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பல் ஜிப்ரால்டர் நீரிணைக்கு இருபுறமும் துளையிடப் புறப்பட்டது. 2024இல் அந்தக் கப்பலின் ஆராய்ச்சிப் பணியையே நிறுத்திவிட்டார்கள். பெரிய இழப்பு, இதைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஆனால் எடுத்த மண் பத்திரமாக இருக்கிறது. மத்தியதரைக் கடல் துண்டுகள் ஜெர்மனியின் பிரேமனில், வங்காள விரிகுடாவுடையவை ஜப்பானின் கோச்சியில். நீங்கள் ஆய்வு மாணவர் என்றால், காரணம் எழுதி மாதிரி கேட்டு விண்ணப்பிக்கலாம்.